ஈழத்து இலக்கியத்திற் சாதாரண மனிதன்

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவோர் அரசர்களும் தளபதிகளுமே. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது என்பதைப் பாடசாலை மாணவனும் அறிவான். ஆனால், அவ்வாண்டிலே நல்லூரின் அயலில் துலா மிதித்து நீரிறைத்தவன் என்ன உண்டான், எதற்கு அஞ்சினான், தன் மகளை எவ்விதம் கரையேற்றினான் என்பவற்றை எந்த ஏடும் நமக்குக் கூறவில்லை. அவன் இன்றி அரசுமில்லை, ஆலயமுமில்லை. எனினும் சரித்திரத்திலே அவனுக்கு ஓர் அடிதானும் ஒதுக்கப்படவில்லை.

சரித்திர ஆசிரியர் விட்ட இக்குறையைச் சென்ற நூற்றாண்டிலே நம் நாட்டுச் சிறுகதையாசிரியரும் கவிஞரும் ஓரளவிற்கு நிறைவு செய்தனர். துலா மிதிப்பவனும், வலை வலிப்பவனும், கொழுந்து கிள்ளுபவளும், கந்தோரிலே கோப்புப் புரட்டும் எழுதுவினைஞனும் ஏட்டிலே இடம் பெற்றனர். அவர்கள் எவ்விதம் உள்ளே வந்தனர், அவர்களுடன் எது உள்ளே வந்தது, எந்த வாயில் இறுதிவரை அடைபட்டிருந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது இலக்கிய மாணவர்க்கு மாத்திரம் உரிய செய்தியன்று. இந்து வாலிபராகிய நமது மனச்சாட்சியோடு பேசும் செய்தியும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

பழைய வாயில்

பழந்தமிழ் இலக்கியத்தில் எளியோர் இல்லை என்று கூறுதல் தவறு. சமைத்தலையே மறந்த அடுப்பிலே காளான் பூத்த வீட்டைப் புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணத்தில், குயவராகிய திருநீலகண்டரும், ஏகாலியராகிய திருக்குறிப்புத்தொண்டரும், பரதவராகிய அதிபத்தரும், வேடராகிய கண்ணப்பரும், ஆதனூர்ச் சேரியிற் பிறந்த நந்தனாரும் மன்னர்களோடும் அந்தணர்களோடும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். உலக இலக்கியத்திலே இத்தகைய சமவரிசை எளிதிற் காணக்கூடியதன்று. சைவராகிய நாம் இதனை எண்ணிப் பெருமை கொள்ளலாம்.

ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவர்கள் காவியத்துள் நுழைந்தமைக்குக் காரணம் இவர்தம் பக்தி. திருநீலகண்டர் பானை வனைந்தார் என்பதற்காக அவரை எவரும் பாடவில்லை. அவர் அடியார் என்பதற்காகவே பாடினர். அவருடைய அயல் வீட்டிலிருந்து பானை வனைந்த மற்றொரு குயவர் பாடப்பெறவில்லை. நந்தனாரோ தில்லைக் கோயிலினுள் புகுவதற்குத் தீயினுள் மூழ்கி எழவேண்டியிருந்தது. ஏட்டினுட் புகுவதற்கும் சாதாரண மனிதன் ஏதோ ஒரு வகையில் அசாதாரண மனிதனாக மாறவேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

நமது நாட்டிலே பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பறாளை விநாயகர் பள்ளினைப் பாடினார். பள்ளுப் பிரபந்தத்தில் வயலும் ஏரும் நெல்வகையும் மாடும் மழைக்குறியும் நிறைய உண்டு. உழுபவனும் உண்டு. ஆனால் அவன் தலைவனின் புகழைப் பாடவும், இரு மனைவியரிடை அகப்பட்டுக் கேட்போரை நகைக்கச் செய்யவுமே பெரும்பாலும் வருகின்றான். அவன் வீட்டில் அடுப்பெரிந்ததா என்று பள்ளு வினவவில்லை.

யான் பயின்றது மிஷனரிமார் நிறுவிய ஒரு பாடசாலையில். அங்கே ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வேர்த் 1800ஆம் ஆண்டில் எழுதிய முன்னுரையைப் பற்றிக் கேட்டிருக்கின்றேன். நாட்டுப்புறத்து எளியோரின் வாழ்வே கவிதைக்கு ஏற்ற பொருள் என்றும், மக்கள் உண்மையாகப் பேசும் மொழியே அதற்கு ஏற்ற மொழி என்றும் அவர் அதில் வாதித்தார். தமிழ்நாட்டிலே பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்திற்கு எழுதிய முகவுரையிலும் எளிய சொல்லையும் எளிய நடையையும் வேண்டி நின்றார். பொருள், மொழி என்னும் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடர்வன. எளியவனைப் பாடத் தொடங்கினால் அவனுடைய சொல்லும் தானாகவே உள்ளே வந்துவிடும். ஈழத்திலும் இதுவே நிகழ்ந்தது.

முதல் மூவரும் மறுமலர்ச்சியும்

ஈழத்துத் தமிழ்ச் சிறுகதைக்கு உருவம் கொடுத்தோர் என மூவரைக் கூறுதல் மரபு. அவர்கள் இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன் என்போர். 1930களிலே இவர்கள் எழுதத் தொடங்கியபோது எழுதுவதற்குக் களமும் வாய்த்தது. 1930இல் வீரகேசரியும், அதே ஆண்டிற் சுன்னாகத்தில் நா. பொன்னையா அவர்களின் முயற்சியால் ஈழகேசரியும், 1932இல் தினகரனும் தோன்றின. இவற்றுள் ஈழகேசரி 1958 வரை வெளிவந்து, ஒரு தலைமுறை எழுத்தாளரை வளர்த்தது.

இலங்கையர்கோனின் 'வெள்ளிப்பாதசரம்' என்ற கதையை நம் முதியோர் பலர் படித்திருப்பர். இளம் கணவனும் மனைவியும் வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குச் செல்கின்றனர். அவளுடைய பாதசரம் ஒன்று தொலைந்துபோகின்றது. கணவன் சினந்துகொள்கின்றான், பின் மனம் இரங்குகின்றான். கதை இவ்வளவே. நாடு கவிழவில்லை, தேவர் பூமாரி சொரியவில்லை. ஒரு சிறு வெள்ளி நகையும், ஒரு கடுஞ்சொல்லும், அதனால் விளைந்த வருத்தமும் ஒரு கதைக்குப் போதுமானவை என்று இக்கதை நமக்குக் காட்டியது. இத்துணிவு அன்று புதியது.

1943இல் யாழ்ப்பாணத்திலே தமிழ் இலக்கிய மறுமலர்ச்சிச் சங்கம் தோன்றியது. வரதர், அ. செ. முருகானந்தன், நாவற்குழியூர் நடராசன், ச. பஞ்சாட்சர சர்மா, அ. ந. கந்தசாமி முதலிய இளைஞர் அதிற் கூடினர். அவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். அஃதாவது இன்று இச்சங்கத்தில் உள்ள நம்மைப் போன்றவர்கள். 1946 முதல் 1948 வரை அவர்கள் நடத்திய 'மறுமலர்ச்சி' என்ற சஞ்சிகை நீண்ட ஆயுள் பெறவில்லை. ஆனால் அதன் பெயரே ஒரு காலப்பகுதியின் பெயராயிற்று. அ. செ. முருகானந்தனின் 'வண்டிற்சவாரி' யாழ்ப்பாணக் கிராமத்தின் மாட்டுவண்டிச் சவாரியைக் கதைப்பொருளாக்கியது. கற்றோர் பொழுதுபோக்கென ஒதுக்கிய ஒன்று கற்றோர் படிக்கும் கதையாயிற்று.

இதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனைத் தொடர்ந்த தாய்மொழிக் கல்வியும், முன்பு பாடசாலைப் படியேற இயலாதிருந்த குடும்பங்களிலிருந்து வாசகரையும் எழுத்தாளரையும் உருவாக்கின. அதுவரை எளியவனைப் பற்றிப் பிறர் எழுதினர். இனி அவனே எழுதத் தொடங்கினான்.

இழிசனர் வழக்கு

1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அமைந்தது. கே. டானியல், டொமினிக் ஜீவா, என். கே. ரகுநாதன் முதலியோர் தாம் பிறந்து வளர்ந்த தெருவையும், தாம் பட்ட இழிவையும் கதைகளாக்கினர். ஜீவா யாழ்ப்பாண நகரிலே சிகை அலங்கரிப்பு நிலையத்திற் தொழில் செய்தவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற சிறுகதைத் தொகுதி 1960இல் வெளிவந்து, சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' 2012 வரை வெளிவந்தது. அச்சிட்ட பிரதிகளைத் தாமே சுமந்துசென்று வீதியில் விற்ற அவரது தோற்றம் யாழ்ப்பாணத்து முதியோர் பலரின் நினைவில் இன்றும் உண்டு. அவர் 2021இல் மறைந்தார்.

க. கைலாசபதி அவர்கள் 1959இல் தினகரன் ஆசிரியரானதும் இவ்வகை எழுத்துக்குப் பெரியதொரு களம் கிடைத்தது. களம் விரியவே எதிர்ப்பும் எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த இவ்வாதத்தை 'மரபுப் போராட்டம்' என்பர். கதையில் வரும் மாந்தர் தாம் உண்மையிற் பேசுவதுபோலவே பேசலாமா என்பது வினா. அது 'இழிசனர் வழக்கு' என்றும், இலக்கியத்துக்கு ஒவ்வாதது என்றும் மரபுவாதிகள் கூறினர்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தோட்டத்திலே புகையிலைக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் ஒருவன் தன் மகனை நோக்கி, "மகனே, நீ எங்குச் செல்கின்றாய்?" என்று வினவினான் என எழுதுவோமாயின், அவன் கையிலிருந்து மண்வெட்டி நழுவி, தோளில் அங்கவஸ்திரம் ஏறிவிடுகின்றது. "எங்கை மோனை போறாய்?" என்று அவன் கேட்டால் மாத்திரமே அவன் அவனாக நிற்கின்றான். 'மோனை' என்ற அவ்வொரு சொல்லிலே தந்தையின் பரிவும் கவலையும் அதிகாரமும் கலந்திருக்கின்றன. அதனை மாற்றும்போது மொழி மாத்திரமன்றி மனிதனும் மாறிவிடுகின்றான்.

மரபுவாதிகளின் அச்சத்தையும் நாம் எள்ளி நகையாடுதல் தகாது. ஒவ்வோர் ஊராரும் தத்தம் பேச்சையே எழுதத் தொடங்கினால் வடமராட்சியான் எழுதுவது மட்டக்களப்பானுக்கு விளங்காமற் போகுமே, எல்லாரையும் இணைக்கும் பொதுத்தமிழ் சிதையுமே என அவர்கள் அஞ்சினர். இது நியாயமான கவலை. பண்டிதர் எல்லாரும் கடுநடையையே விரும்பினர் என்பதும் சரியன்று, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்களின் கட்டுரைகள் அருகிருந்து பேசுவனபோன்ற இனிய நடையில் அமைந்தவை. ஆனால் காலம் ஒரு நடுவழியைக் கண்டது. ஆசிரியர் கூற்றுப் பொதுத்தமிழிலும், மாந்தர் உரையாடல் அவரவர் பேச்சுத்தமிழிலும் அமைதல் வழக்கமாயிற்று. வடமராட்சியான் மட்டக்களப்பானின் 'மறுகா' என்ற சொல்லை அறிந்துகொண்டான். மட்டக்களப்பான் யாழ்ப்பாணத்தானின் 'மோனை'யை அறிந்துகொண்டான். அஞ்சியதற்கு மாறாக, ஊர்கள் ஒன்றையொன்று நன்கு அறிந்தன.

முற்போக்கு எழுத்திலும் குறையுண்டு. சில கதைகளில் ஏழை என்றும் நல்லவனாகவும், செல்வன் என்றும் தீயவனாகவும் வந்தனர். முடிவிலே ஒரு பிரசங்கம் நிகழ்ந்தது. எஸ். பொன்னுத்துரை இதனைக் கண்டித்து 'நற்போக்கு' என வேறொரு கொள்கையை முன்வைத்தார். கோஷம் போடுவதற்காகவே கதையில் நிறுத்தப்பட்டவனும் பழைய பள்ளிலே வந்தவனைப் போலப் பிறருக்காகவே பேசுகின்றான். அவனுக்கென்று ஒரு மனம் இருப்பதை உணர்த்தும் கதைகளே இன்று நிலைத்து நிற்கின்றன.

மஹாகவியின் வழி

சிறுகதையில் உரைநடை இருப்பதால் பேச்சை அதனுட் கொணர்தல் ஒப்பீட்டளவில் எளிது. யாப்புக்குள் அதனைக் கொணர்தல் எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்டவர் அளவெட்டியில் 1927இற் பிறந்த து. உருத்திரமூர்த்தி. 'மஹாகவி' என்ற புனைபெயரால் நாம் அறிவது இவரையே. அரசாங்க எழுதுவினைஞராகத் தொடங்கி, நிருவாக சேவை உத்தியோகத்தராக உயர்ந்து, 1971இல் தமது நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார்.

மஹாகவி யாப்பைக் கைவிடவில்லை. வெண்பாவும் அகவலும் விருத்தமும் அவருக்குக் கைவந்தவை. ஆனால் செய்யுளை அச்சிடும்போது சீர்க்கணக்கின்படி வரிகளை அடுக்காமல், பேசும்போது எங்கே நிறுத்துவோமோ அங்கே வரியை நிறுத்தினார். தளை தட்டாது, ஆனால் காதுக்கு அயல்வீட்டார் கதைப்பது போலிருக்கும். பேச்சோசை என்று திறனாய்வாளர் கூறுவது இதனையே. பழைய யாப்பு புதிய மனிதனைத் தாங்காது என்றோரும், புதிய மனிதனுக்காகப் பழைய யாப்பைத் துறக்க வேண்டும் என்றோரும் ஆகிய இரு சாராருக்கும் அவர் தம் செய்யுளாலேயே மறுமொழி கூறினார்.

அவருடைய முதற்றொகுதியாகிய 'வள்ளி' 1955இல் வெளிவந்தது. 1966இல் வந்த 'குறும்பா' ஆங்கிலத்து லிமரிக் என்னும் ஐந்தடி நகைப்பாட்டைத் தமிழாக்கிக் கொண்ட முயற்சி. உத்தியோக மோகம், சீதனப் பேரம், போலிப் பெருமை ஆகிய நமது குறைகள் அதிலே நகைப்புக்கு ஆளாகின்றன. அவருடைய காவியங்களுள் ஒன்றுக்கு 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' என்று பெயர். பிறப்பு முதல் இறப்பு வரை ஒருவனுடைய வாழ்வே அதன் பொருள். அவன் நாட்டை வெல்லவில்லை, நாயனாரும் ஆகவில்லை. படித்தான், உத்தியோகம் பார்த்தான், மணம் முடித்தான், பிள்ளைகளை வளர்த்தான், மறைந்தான். காப்பியத் தலைவன் தன்னிகரில்லாதவனாய் இருத்தல் வேண்டும் என்ற தண்டியலங்கார விதியை இதனோடு ஒப்பிட்டு நோக்குவோர்க்கு, எத்துணைப் பெரிய மாற்றம் எத்துணை அமைதியாக நிகழ்ந்தது என்பது புலனாகும்.

வயலும் கடலும் மலையும்

யாழ்ப்பாணம் மாத்திரமே ஈழமன்று. கிழக்கிலே நீலாவணன் (1931–1975) தம் ஊரின் மண்ணையும் பேச்சையும் கவிதையாக்கினார். அவர் மறைந்தபின் 1982இல் நூலாக வந்த 'வேளாண்மை' என்ற காவியம் போடியாரும் வட்டையும் களவெட்டியும் நிறைந்த உழவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. மூதூரிற் பிறந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி', தனக்கென ஒரு தோணி வேண்டும் என்று கனவு காணும் மீனவச் சிறுவனின் கதை. அதனைத் தலைப்பாகக் கொண்ட தொகுதி 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. எம். ஏ. நுஃமான் அவர்களின் கவிதைகளிலே கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் குடும்பமும் வயலும் உயிரோடு வருகின்றன. மஹாகவியின் படைப்புக்கள் நமக்குக் கிடைப்பதற்கும் அவருடைய பதிப்புப்பணி பெருந்துணையாயிற்று.

மலைநாட்டின் கதை இன்னும் கனத்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் தலவாக்கலைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அவர் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கவிதையைச் சக்தீ அ. பாலஐயா தமிழாக்கினார்; அத்தோடு மலைநாட்டு நாட்டார் பாடல்களையும் வேலுப்பிள்ளை தொகுத்து வைத்தார். சட்டம் பெயர் நீக்கியவர்களின் பெயரைப் பாடல் காத்தது.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையகச் சிறுகதையில் ஒரு திருப்பம். கொழுந்து பறிக்கும் ஓர் இளம் பெண் ஒருநாள் மற்றவர்களிலும் மிகுதியாகப் பறித்துவிடுகின்றாள். அவளுடைய கைத்திறனை நம்பாமல் ஐயுறுகின்றனர். அவள் வேண்டுவது இரக்கமன்று. தன் உழைப்பு தன் உழைப்பே என்று பிறர் ஒப்புக்கொள்வதையே அவள் வேண்டுகின்றாள். தொழிலாளியைக் கண்ணீரோடு மாத்திரம் காட்டிய கதைகளுக்கு நடுவே, தன் தொழிலிற் செருக்குக் கொண்ட ஒருத்தியை இராமையா காட்டினார். அவரைத் தொடர்ந்து தெளிவத்தை ஜோசப் (1934–2022) லயத்து வாழ்வை நுணுக்கமாக எழுதினார். அவருடைய 'நாமிருக்கும் நாடே' 1979இல் வெளிவந்தது.

அடைபட்டிருந்த வாயில்

இனி நம்மை நேரே நோக்கும் பகுதிக்கு வருவோம். ஏட்டின் வாயில் திறந்தது, ஆலயத்தின் வாயில்?

என். கே. ரகுநாதன் 1950களின் தொடக்கத்தில் எழுதிய 'நிலவிலே பேசுவோம்' மிகச் சிறிய கதை. ஒரு பெரியவர் மேடையிலே முழங்கிவிட்டு வீடு திரும்புகின்றார். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த சிலர் அவரைக் காண வீடு தேடி வருகின்றனர். அவர்களை உள்ளே அழைக்க அவருக்கு மனம் வரவில்லை. நிலவு நன்றாக இருக்கின்றது, வெளியே போய்ப் பேசுவோம் என்கின்றார். கதையில் எவரும் எவரையும் ஏசவில்லை, அடிக்கவில்லை. ஓர் இனிய சொல்லாலேயே கதவு அடைபடுகின்றது. இக்கதையைப் படிக்கும்போது அப்பெரியவரை நாம் எளிதில் வெறுத்துவிட முடியாது. அவர் நமக்கு மிகவும் பழக்கமானவர்.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. வழக்கம் ஊரில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சென்றது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். மறு ஆண்டு, 1969 யூலையில், மனிதன் சந்திரனில் இறங்கினான்.

மஹாகவி இவ்விரண்டையும் ஒரு கவிதையுள் வைத்தார். அதுவே 'தேரும் திங்களும்'. ஊர் கூடித் தேர் இழுக்கின்றது. ஒருவன் தானும் வடம் பிடிக்க விரும்பி வருகின்றான். அவனைத் தடுக்கின்றனர், தாக்குகின்றனர், அவன் மண்ணில் விழுகின்றான், தேர் நகராது நிற்கின்றது. விழுந்தவன் யார்? வானிற் பறந்து திங்களைத் தொட்டு மீண்டானே, அம்மனிதனின் உறவினன் என்று கவிஞர் நமக்கு நினைவூட்டுகின்றார். கவிஞர் தெய்வத்தைப் பழிக்கவில்லை, தேரையும் பழிக்கவில்லை. வடம் பிடிக்க வந்தவனின் பக்தியைக் கண்டார்; அதனைத் தடுத்த கையையும் கண்டார். நந்தனார் சரித்திரத்தைக் கண்ணீர் மல்கக் கேட்கும் நாம், வடத்தருகே வந்த நந்தனை என்ன செய்தோம் என்பதே அதன் வினா.

இலக்கியம் வினாவோடு நின்றுவிடவும் இல்லை. புங்குடுதீவைச் சேர்ந்த சிறுகதையாசிரியரும் சிந்தனையாளருமான மு. தளையசிங்கம், ஆழ்ந்த ஆத்மீக நாட்டம் உடையவர். 1971இல் அவர் தம் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் நீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்தார். அதனாற் கைதாகித் துன்புற்றார். 1973இல், நாற்பது வயது நிரம்பாமலே மறைந்தார். சைவத்தைக் கைவிட்டு நீதி கேட்டோரும் உளர். சைவத்தினுள்ளே நின்று நீதி கேட்டோரும் உளர். பின்னவர்களை மறப்போமாயின் நமக்கு உரிய செல்வத்தையே இழந்தவராவோம்.

யுத்தத்தினூடே

1980களிலிருந்து சாதாரண மனிதனின் சாதாரண நாளே அரிதாயிற்று. விளக்கேற்றுதல், சந்தைக்குப் போதல், பிள்ளை பாடசாலையால் வருவதை எதிர்பார்த்து நிற்றல் என்பனவே கவிதைப் பொருளாயின. 1985இல் 'மரணத்துள் வாழ்வோம்' என்ற கவிதைத் தொகுதி வெளிவந்தது. 1986இல் வந்த 'சொல்லாத சேதிகள்' பெண் கவிஞரின் குரலை ஒன்றாகத் திரட்டியது. 1962இலேயே பவானி ஆழ்வாப்பிள்ளை 'கடவுளரும் மனிதரும்' என்ற தொகுதியிற் பெண்ணின் உள்ளத்தைத் துணிவோடு எழுதியிருந்தார் எனினும், வீட்டினுள் இருந்தவள் பரவலாகப் பேசத் தொடங்கியது இக்காலத்திலேதான்.

அவர்களுள் சிவரமணி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியாக இருந்தவர். யுத்தகாலத்து இரவு எவ்விதம் குழந்தைகளை அவர்கள் காலத்துக்கு முன்னரே பெரியவர்களாக்கிவிடுகின்றது என்று எழுதினார். 1991இல், தம் கவிதைகளைத் தாமே தீயிட்டபின், தம் வாழ்வையும் முடித்துக்கொண்டார். தப்பிய கவிதைகள் சிலவே. பல்கலைக்கழகத்திற் பயிலும் எவருக்கும் அவை கடந்துபோகக் கூடியவை அல்ல. ரஞ்சகுமாரின் 'கோசலை' ஆயுதம் ஏந்தச் சென்ற பிள்ளைகளின் தாயைக் காட்டியது. சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவெளிக் கிராமம்' மக்கள் நீங்கிய தீவின் வெறுமையைப் பாடியது. அங்கே சாதாரண மனிதன் இல்லாமையே கவிதையாயிற்று. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர், அதனூடே நடந்து மீண்டோர் தம் கதைகளைத் தாமே எழுதுகின்றனர். 2000இல் தொடங்கிய 'ஞானம்', 2007இல் தொடங்கிய 'ஜீவநதி' போன்ற சஞ்சிகைகள் அவ்வெழுத்துக்கு இடமளித்தன.

நமது கடன்

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். பின்னர் இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் அழிந்தன. சென்ற நூற்றாண்டின் சிறுசஞ்சிகைகளிற் பல முழுமையாகக் கிடைப்பதில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலக முயற்சி எஞ்சியவற்றைத் தேடிப் படமெடுத்து எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கின்றது. இது பெரும் புண்ணியம். ஆயினும் இன்னும் எத்தனையோ இதழ்கள் நம் வீட்டுப் பரண்களிற் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன.

எனவே நம் சங்கத்தார்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, அங்கத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலும் அயலிலும் உள்ள பழைய சஞ்சிகைகளையும் மலர்களையும் தேடி எடுத்துப் பாதுகாக்க வழி செய்தல் வேண்டும். இரண்டாவது, மாதம் ஒருமுறையேனும் ஓர் ஈழத்துச் சிறுகதையையோ கவிதையையோ கூடியிருந்து வாசித்தல் வேண்டும். முதியோர் அக்காலத்தை அறிந்தவர்கள், அவர்கள் சொல்ல இளையோர் கேட்டல் வேண்டும். மூன்றாவது, நம் ஊரிலே துலா மிதித்தவரும், சூடு மிதித்தவரும், வலை வலித்தவரும் இன்னும் உயிரோடிருக்கும்போதே அவர் வாய்மொழியை எழுதிக்கொள்ளல் வேண்டும். 1619இல் நீரிறைத்தவனைக் கேட்க நம்மால் இயலாது. நமது ஒழுங்கையில் இருப்பவரைக் கேட்க இயலும்.

இவை எழுத்துப்பணிகள். இவற்றினும் எளியதும் அரியதுமான பணி ஒன்று உண்டு. அடுத்த திருவிழாவிலே தேர் வடம் பிடிக்கும்போது, நமக்கு முன்னும் பின்னும் நிற்பவர் யாவர், ஒதுங்கி நிற்பவர் யாவர், ஏன் ஒதுங்கி நிற்கின்றனர் என்று சிறிது திரும்பிப் பார்ப்போம். ஒதுங்கி நிற்பவர் உளராயின் அவர் கையில் வடத்தைக் கொடுப்போமாக. மஹாகவியின் தேர் அப்போதுதான் நகரும்.